டாக்டரிடம் சொல்லாத டப்பாக்கள்

கேள்வி:

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் இரண்டு மாதம் அழுதுகொண்டே படுத்திருந்தாள். அப்புறம் ஒரு நாள் திடீரென்று மாறிவிட்டாள். ராத்திரி தூக்கமே இல்லை, பேச்சு நிற்கவில்லை, தொட்டதற்கெல்லாம் சண்டை. பைபோலார், அதாவது மனம் சில காலம் மிகவும் சோர்ந்தும் சில காலம் அளவு மீறிக் கிளர்ந்தும் போகும் நோய் என்றார்கள். லித்தியமும், இரவில் ரிஸ்பெரிடோனும் கொடுத்தார்கள். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கும் போகிறாள். ஆனால் எடை ஏறிவிட்டது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அதனால் மீன் எண்ணெய் கேப்ஸ்யூலும், முடிக்கு பயோட்டின் கம்மியும் ஆரம்பித்தேன். வைட்டமின் டி சாஷே தீபாவளியிலிருந்து வாரம் ஒன்று போகிறது. மாமியார் அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து கொடுக்கிறார், அது மகளுக்குத் தெரியாது. என் தம்பி நியூ ஜெர்சியிலிருந்து ‘மூட் சப்போர்ட்’ என்று ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறான், இன்னும் பிரிக்கவில்லை. வெளிநாட்டில் வைட்டமின் பவுடரிலேயே பிள்ளைகள் மருந்தை நிறுத்திவிட்டதாக ஒரு வீடியோ பார்த்தேன். இவற்றைக் கொடுத்துக்கொண்டே லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா? டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. திட்டுவாரோ என்று பயம். அப்புறம், வீட்டில் அவளுக்குக் கருவாடு கூடாது என்கிறார்கள். அது சரியா?

— பெரம்பூரிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

லித்தியத்தை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒரு வேளை மாத்திரையைக்கூட. மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

மகள் எட்டு மாதமாக நன்றாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டு மாதத்தில் பெரும்பங்கு லித்தியத்துடையது. நன்றாக இருக்கும்போதுதான் ‘இனி எதற்கு’ என்று தோன்றும். எல்லா வீட்டிலும் தோன்றுவதுதான் அது. 1990-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வைச் சொல்கிறேன். லித்தியத்தில் நிலைப்பட்ட 37 வளரிளம் பருவத்தினரை 18 மாதம் கவனித்தார்கள். மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்ட 24 பேரில் 9 பேருக்கு நோய் திரும்பியது. நடுவில் நிறுத்திய 13 பேரில் 12 பேருக்குத் திரும்பியது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. அதிலும் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்புவது மட்டுமில்லை, தற்கொலை எண்ணமும் கூடும். குறைக்கிற காலம் வரலாம். அதை உங்கள் டாக்டர் மாதக்கணக்கில், ரத்தப் பரிசோதனையோடு, பரீட்சை நேரம் எதுவென்று பார்த்துச் செய்வார்.

அந்த வீடியோவில் சொன்ன வைட்டமின்–தாது பவுடர்களைப் பற்றி உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி.யும் (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) எரிச்சல் குணமும் உள்ள 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படியொரு கலவையை எட்டு வாரம் கொடுத்தார்கள். மருத்துவர்கள் போட்ட மதிப்பீட்டில், சத்து சாப்பிட்டவர்களில் 54 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒப்பிடுவதற்காகச் சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 18 சதவீதம். ஆனால் பெற்றோர் போட்ட மதிப்பெண்களில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்தப் பிள்ளைகள் யாரும் அப்போது மனநல மருந்து சாப்பிடவில்லை. அவர்களுடைய நோயும் வேறு. லித்தியம் சாப்பிடும் ஒரு பைபோலார் பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. இந்த வகைக் கலவைகளை மனநல மருந்தோடு சேர்த்தால் மருந்தின் வீரியமும் பக்கவிளைவும் கூடிவிடலாம் என்று அதில் வேலை செய்த மருத்துவர்களே எச்சரித்திருக்கிறார்கள். வீடியோக்களில் அந்தப் பகுதி வருவதில்லை.

சரி, டாக்டர் திட்டுவாரோ என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது எந்த டப்பாவும் இல்லை, இந்த பயம்தான். நான் குழந்தைகள் மனநல மருத்துவம் பார்க்கிறேன். ‘வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா’ என்று கேட்டால் முதலில் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மருந்துச் சீட்டை எழுதி முடித்து, கிளம்பும் நேரத்தில் கைப்பை ஜிப் திறக்கும். ஒரு பாட்டில், ஒரு பொட்டலம், பாதி கிழித்த ஒரு சாஷே என்று ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். அப்போதுதான் உண்மையான ஆலோசனையே ஆரம்பிக்கும். பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தாயால் சும்மா இருக்க முடியாது, ஏதாவது செய்யத்தான் தோன்றும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் டாக்டருக்குத் தெரியாத பொருள் ஒன்று உடம்புக்குள் போனால், ரத்தப் பரிசோதனை எண்ணை அவர் தப்பாகப் படிப்பார், தப்பான மருந்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். அதன் பாதிப்பு உங்கள் மகளுக்குத்தான். ஒருவேளை அவர் திட்டவே செய்தாலும், சொல்லிவிடுங்கள்.

மாமியார் ‘கெமிக்கல் மருந்து’ என்று பயப்படுகிறாரா? லித்தியம் பாறையிலும் ஊற்று நீரிலும் இருக்கும் ஒரு தாது. மாத்திரையில் இருப்பது லித்தியம் கார்பனேட் என்ற உப்பு. 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனை எழுதினார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், சிலருக்கு மனம் கொஞ்சம் இளகும்.

உப்பு என்பதால்தான் நாம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகம் லித்தியத்தைச் சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியத்தைப் போலவே கையாளுகிறது. உடம்பில் சோடியமும் தண்ணீரும் குறைந்தால், சோடியத்தைப் பிடித்து வைக்கிற வேகத்தில் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறும். உப்பு திடீரென்று அதிகமானால் லித்தியம் கூடுதலாக வெளியே போய்விடும், அளவு இறங்கும். பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.2 மில்லிமோலுக்குள் வைத்திருப்போம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இவ்வளவு குறுகலான இடைவெளி உள்ள மருந்துகள் அதிகம் கிடையாது. அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சத்து மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சென்னையில் லித்தியம் சாப்பிடும் ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரிய ஆபத்துகள் வேறு. ஒன்று கத்திரி வெயில். மே மாதத்தில் வெளியே விளையாடிவிட்டு, வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் வந்தால் அளவு ஏறும். வாந்தி, பேதி, காய்ச்சல், நாள் முழுக்க விரதம் எல்லாவற்றிலும் இதே கதைதான். இன்னொன்று காய்ச்சல், வலி மருந்து. ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தின் வழியாக லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பல காய்ச்சல் சிரப்புகளில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனும் கலந்திருக்கும். மாதவிடாய் வயிற்றுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மெஃபனமிக் அமில மாத்திரையும் அதே குடும்பம். உங்கள் மகளுக்கு 14 வயது, இது மாதாமாதம் வரப்போகிற விஷயம். பாராசிட்டமால் மட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அது போதாத அளவுக்கு வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

உங்கள் டப்பாக்களுக்கு வருகிறேன். முதலில் அந்தப் பிரிக்காத பாட்டில். பிரிக்காதது நல்லதாகப் போயிற்று. ‘மூட் சப்போர்ட்’ என்ற பெயரில் வருபவற்றின் பின்பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், 5-எச்.டி.பி., சாம்-ஈ, லித்தியம் ஓரோடேட் ஆகிய பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்றும் மனச்சோர்வுக்கு என்று விற்கப்படுபவை. பைபோலார் உள்ளவர்களை அவை எதிர்ப்பக்கம், அதாவது போன வருடம் நீங்கள் பார்த்த அந்தத் தூக்கமில்லாத நிலைக்குத் தள்ளக்கூடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, அவள் இரவில் சாப்பிடும் ரிஸ்பெரிடோன் மருந்து உடம்பில் தங்கும் அளவையும் குறைத்துவிடும். லித்தியம் ஓரோடேட் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே எண்ணி எண்ணிக் கொடுக்கிற மருந்தின் மேல், கணக்கில் வராத இன்னொரு பங்கு அது. தம்பி பாசத்தில் அனுப்பியிருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லுங்கள். பாட்டிலை மட்டும் டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள்.

அமுக்கராச் சூரணத்தை இன்றோடு நிறுத்துங்கள். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், தூக்க மயக்கத்தை அதிகமாக்கலாம், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும், மேனியா, அதாவது அந்தத் தூக்கமில்லாத கிளர்ச்சி நிலை, வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. லித்தியம் சாப்பிடுபவருக்கு நாம் விடாமல் கண்காணிக்கும் உறுப்புகளில் தைராய்டு ஒன்று. அதை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுப் பரிசோதனை எண்ணைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சித்த மருத்துவத்தின் மேல் குடும்பத்துக்கு நம்பிக்கை இருந்தால் அதை நான் தடுக்கவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை இருக்கிறது. படித்த மருத்துவரைப் பார்த்து, ‘பிள்ளை லித்தியம் சாப்பிடுகிறாள்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கேட்டுக் கட்டி வாங்குவது வேறு. முக்கியமாக, யார் செய்தது என்று தெரியாத பற்பம், செந்தூரம், சிறுநீர் பெருக்கும் மூலிகைகள் எதுவும் இந்தப் பெண்ணுக்கு வேண்டாம். சிறுநீரோடு உப்பும் நீரும் போனால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

பயோட்டின் கம்மியைப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். அது உடம்பைக் கெடுக்காது, ஆனால் பரிசோதனையைக் கெடுக்கும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சில பத்து மைக்ரோகிராம்தான். முடிக்கு என்று விற்கும் கம்மிகளில் 5,000, 10,000 என்று இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல லேப்களில் தைராய்டு பரிசோதனை செய்யும் முறையிலேயே பயோட்டின் ஒரு கருவியாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் பயோட்டின் அதிகமாக மிதந்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைவது அடிக்கடி நடக்கும் ஒன்று, பெண்களிடம் இன்னும் அதிகம். அது குறைந்தால் என்னென்ன வரும் தெரியுமா? எடை ஏறும், முடி கொட்டும், சோர்வு வரும், மனம் சோரும். அதாவது, முடி கொட்டுகிறதே என்று நீங்கள் கொடுக்கிற கம்மி, முடி ஏன் கொட்டுகிறது என்பதையே டாக்டரின் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம். கம்மியை நிறுத்திவிட்டு, குறைந்தது இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். அளவு பெரியதாக இருந்தால் ஒரு வாரம் விடுவது இன்னும் நல்லது. தைராய்டு குறைவு என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தைராக்ஸின் மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் அதற்காக லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை. அப்போது ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தைராக்ஸினுக்கும், இரும்பு அல்லது கால்சியம் மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி சாஷே தீபாவளியிலிருந்து போகிறது என்பதைப் படித்ததும் நாள் கணக்குப் போட்டேன். 60,000 யூனிட் சாஷே, குறைபாட்டைச் சரிசெய்யச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பது. அதற்கப்புறம் தேவைப்பட்டால் தினம் 400, 600 யூனிட் போல ஒரு சின்ன அளவு போதும். வாராவாரம் மாதக்கணக்கில் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடலாம். லித்தியமே சிலருக்குப் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் தாகம், மலச்சிக்கல், வாந்தி, அசதி எல்லாம் வரும். தாகம் லித்தியத்தின் சாதாரணப் பக்கவிளைவு என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாஷேயை நிறுத்தி, கால்சியமும் வைட்டமின் டி-யும் ஒருமுறை பாருங்கள். சென்னை வெயிலில் யாருக்கும் டி குறையாது என்று நினைக்கவும் வேண்டாம். வேனில் பள்ளிக்குப் போய் வேனில் வந்து டியூஷனில் உட்காரும் பிள்ளைகளுக்கு நிறையக் குறைகிறது. குறைந்திருந்தால் சரிசெய்யலாம், சரியான பிறகும் ஊற்றிக்கொண்டே இருப்பதில்தான் தொந்தரவு.

மீன் எண்ணெய், நீங்கள் வாங்கியவற்றில் எனக்கு ஆட்சேபமில்லாத ஒன்று. மனநிலை விஷயத்தில் வேலை செய்வது முக்கியமாக ஈ.பி.ஏ. என்ற கொழுப்பு. பைபோலாரில், மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் சோர்வுப் பக்கத்துக்கு ஓரளவு உதவுகிறது என்று பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மேனியாப் பக்கத்துக்கு உதவியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. லித்தியத்தோடு மோதாது. ஆகவே ஒரு துணையாக முயன்று பார்க்கலாம், லித்தியம் செய்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்காத வரை. ஆனால் டப்பாவின் முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்னால் பெரிய எழுத்தில் 1,000 மில்லிகிராம் என்றிருக்கும். அது மொத்த எண்ணெயின் எடை. பின்னால் சின்ன எழுத்தைப் படித்தால் பல பிராண்டுகளில் ஈ.பி.ஏ. 180, இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். மீதி 700 வேறு கொழுப்பு. ஆய்வுகளில் பயன்பட்டது பெரும்பாலும் ஒரு கிராம் அளவு ஈ.பி.ஏ. அதற்கு இந்த கேப்ஸ்யூலில் நாளுக்கு ஐந்தாறு வேண்டும். அவ்வளவு கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு வயிறு இளகும், அது லித்தியத்துக்கு ஆகாது. ஈ.பி.ஏ. செறிவு அதிகமுள்ள ஒன்றை டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு, குறைவாக ஆரம்பியுங்கள். காட் லிவர் ஆயிலை இதற்குப் பதிலாக அளவைக் கூட்டிக் கொடுக்கவே கூடாது. அதில் வைட்டமின் ஏ இருக்கிறது, அது அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும்.

மீன் சாப்பிடும் வீடு என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. காசிமேட்டு மீன் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு வராமலா இருக்கும்? வஞ்சிரம்தான் சத்து என்று நினைத்து விலை கொடுக்காதீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகியவற்றில்தான் ஒமேகா-3 நிறைய. வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். மாதம் மாதம் கேப்ஸ்யூலுக்குப் போகும் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் மீன் கிடைக்கும். சைவம் என்றால் ஆளிவிதை நல்ல உணவுதான், ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடம்பில் ஈ.பி.ஏ.வாக மாறுவது மிகக் கொஞ்சம். அவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த கேப்ஸ்யூல் உண்டு.

உண்மையிலேயே எந்தச் சத்து குறைவாக இருக்கிறது என்பதை ரத்தத்தில் பாருங்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இரும்பு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருந்தால் முடி கொட்டும், பிள்ளை எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பாள், நாம் அதை நோய் என்று நினைப்போம். அதோடு பி12-ம் பாருங்கள், சைவ வீடுகளில் முக்கியமாக. குறைந்திருந்தால் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை, அது லித்தியத்தோடு மோதாது. இரும்பு மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு கொடுக்காதீர்கள். அதற்காகக் காபியை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். தினமும் காபி குடிக்கிற பிள்ளை திடீரென்று விட்டால் லித்தியம் அளவு ஏறும். எல்லா வைட்டமினும் தினசரித் தேவை அளவில் உள்ள ஒரு சாதாரண மல்டிவைட்டமின் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தாலும் சரி, விட்டாலும் சரி.

எடைக்கு எந்தச் சத்து மாத்திரையும் வேலை செய்யாது. அது பெரும்பாலும் ரிஸ்பெரிடோன் தூண்டும் பசியால் வருவது, லித்தியத்துக்கும் தைராய்டுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வந்ததும் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பாருங்கள். பிஸ்கட், மிக்சர், சர்க்கரை கலந்த சத்துமாவு பானம் இருக்கும் இடத்தில் சுண்டல், முட்டை, மோர் வந்தாலே மாற்றம் தெரியும். போதவில்லை என்றால் டாக்டர் ரிஸ்பெரிடோனை மாற்றலாம், குறைக்கலாம், எடை ஏறுவதைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தைச் சேர்க்கலாம். எடை ஏறியதை அவரிடம் ஒரு புகாராகவே சொல்லுங்கள். இந்தப் பக்கவிளைவைத் தாங்க முடியாமல் ரகசியமாக மருந்தை விடும் பிள்ளைகள் நிறைய.

அதனால் உங்கள் மகளிடம் பேசுங்கள். அவளுக்குத் தெரியாமல் பாலில் எதையும் கலக்க வேண்டாம். 14 வயதுப் பெண்ணுக்கு நாக்கு ருசி தெரியாதா? ஒரு நாள் கண்டுபிடிப்பாள், அன்றிலிருந்து நீங்கள் கையில் கொடுக்கிற லித்தியத்தையும் சந்தேகமாகப் பார்ப்பாள். முடியையும் எடையையும் பற்றிப் பள்ளியில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று கேளுங்கள். எடை குறைய அவளாகவே ஏதாவது டீ, பவுடர் வாங்கிக் குடிக்கிறாளா என்றும் மெதுவாகக் கேளுங்கள். அந்த டீக்களில் சில பேதிக்கும் சிறுநீருக்கும் தள்ளுபவை. லித்தியம் சாப்பிடும் உடம்புக்கு அது நேரடி ஆபத்து என்று காரணத்தோடு சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் கேட்பார்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். எல்லா டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் எழுதிய சீட்டு போதாது, அளவு டப்பாவில்தான் இருக்கிறது. ‘டாக்டர், இதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன், எது இருக்கலாம், எது வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்று உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். லித்தியம் அளவு, டி.எஸ்.எச்., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி, ஃபெரிட்டின், பி12 ஆகியவற்றை எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். கம்மி நிறுத்திய தேதியையும் சொல்லுங்கள். அப்புறம் எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், நடுவில் நான்கைந்து வாரமாவது விட்டு. தேதி போட்ட ஒரு நோட்டில் தூக்கம் எத்தனை மணி நேரம், மனநிலை எப்படி என்று தினம் ஒரு வரி எழுதுங்கள். மூன்றை ஒன்றாக ஆரம்பித்தால், நன்மை வந்தாலும் தொந்தரவு வந்தாலும் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

கை லேசாக நடுங்குவது லித்தியத்தில் சாதாரணம். ஆனால் டம்ளர் பிடிக்க முடியாத நடுக்கம், நிற்காத வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல், எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், லித்தியம் சாப்பிடுகிறாள் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.  தூக்கம் திடீரென்று குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். நடு ராத்திரியில் யாரும் கிடைக்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

கடைசியாகக் கருவாடு. சாப்பிடலாம். சூடு என்று தடுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அதில் உப்பு அதிகம் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. வாரத்தில் ஒரு நாள் குழம்பில் இரண்டு துண்டு என்று வழக்கமாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். கழுவி ஊறவைத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் தினமும் கருவாடும் ஊறுகாயும், அடுத்த வாரம் உப்பே இல்லாத பத்தியம் என்று மட்டும் மாற்றாதீர்கள்.